கேட்டதும் கண்டதும்



கொடைக்கானல் ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் போனால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரும். சிறிய கோயில்தான். முருகன் சந்நிதி. கோயிலுக்குப் பின்புறம் நின்று வடக்கே பார்த்தால், மஞ்சு விலகிய நேரத்தில், கீழே சமவெளியும் பழனி மலையும் தெரியும். மஞ்சு விலகாத நாளில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் கைகாட்டி, "அதோ அங்கேதான் பழனி" என்று சொன்னதை நம்பி, அந்தத் திசையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கோயில் 1936-ல் எழுந்தது. கட்டியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். பெயரைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தவர் என்றே தோன்றும். பிறப்பால் அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. ஹாரிசன் என்பது அவருடைய குடும்பப் பெயர். இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி என்று பெயர் பூண்டு, இலங்கையின் பெரிய சட்ட அறிஞரான சர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு மனைவியானவர். கணவர் 1930-ல் மறைந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, குறிஞ்சி பூக்கும் மலையில், குறிஞ்சி நிலத்துத் தெய்வத்துக்கு இந்தக் கோயில் அமைந்தது.

இந்த அம்மையார் செய்தது என்ன? ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்கு மாறினாரா? மதங்களுக்கு அப்பாலுள்ள ஆன்மிகத்தைக் கண்டாரா? அல்லது தம் வாழ்வில் தாமே பட்டு அறிந்த ஒன்றுக்குக் கல்லில் வடிவம் கொடுத்தாரா? அவர் உள்ளத்தில் நடந்தது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஆனால் இந்தக் கேள்விகள் இன்று எல்லா ஊர்களிலும் கேட்கப்படுகின்றன. தியானம் செய்யவும் அமைதி தேடியும் கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பலர், "எனக்கு மதம் கிடையாது, ஆன்மிகம் உண்டு" என்கிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்கள், "முன்னோர் வகுத்த முறையை விட்டுவிட்டு என்ன ஆன்மிகம்?" என்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வருகிறார். "எனக்கு அனுபவம் ஆயிற்று, நான் கண்டேன், என்னை யார் கேட்பது?" என்கிறார். அய்யாவழிக் குடும்பங்களிலும் இந்த மூன்று குரல்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. கணக்கெடுப்பு வரும்போது மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தாங்கல் திண்ணைகளில் நடக்கும் வாதமும் இதோடு சேர்ந்ததே.

சொற்களை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. சமயம் என்பது பலர் சேர்ந்து நடக்கும் பாதை. அதில் ஏடு உண்டு, முறை உண்டு, நாள் உண்டு, கூடுமிடம் உண்டு. தகப்பன் பிள்ளைக்கு அதைக் கையில் கொடுக்க முடியும். ஆன்மிகம் என்பது அந்தப் பாதையிலோ வேறு பாதையிலோ நடக்கும் ஒருவருக்குள் நிகழும் மாற்றம். அதைத் தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, ஆசை காட்டலாம். மூன்றாவது, பட்டறிவு. தன் கண்ணும் தன் உடம்பும் தன் மனமும் கற்றுக்கொடுத்தது. அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது, இன்னொருவர் பறிக்கவும் முடியாது.

இந்தப் பிரிவினை மேல்நாட்டார் சொல்லித் தமிழர் அறிந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அறிவு வரும் வாசல்களைக் காட்சி, கருதல், உரை என்று பிரித்துவைத்தார். காட்சி, நேரே காண்பது. கருதல், புகையைக் கண்டு நெருப்பை உணர்வது. உரை, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. அதோடு நிற்கவில்லை. காட்சியையே நான்காக வகுத்தார். ஐம்பொறி வழியே வருவது ஒன்று, மனத்தில் தெளிவது ஒன்று, யோகத்தில் கிட்டுவது ஒன்று. இன்னொன்றுக்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். தனக்கு வந்த இன்பத்தையும் துன்பத்தையும் தானே அறிவது. பசித்தவன் தன் பசியை அறிவதற்கு யாருடைய சாட்சியும் தேவையில்லை. இந்தத் தன்வேதனைக் காட்சி என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு இராமநாதனின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

இராமநாதன் சாதாரண மனிதர் அல்லர். இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். தஞ்சையைச் சேர்ந்த அருள்பரானந்தரைக் குருவாகக் கொண்டு ஞானநூல்களில் ஆழ்ந்தவர். ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில், பைபிளின் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஞானயோக நோக்கில் விளக்கம் எழுதி லண்டனில் வெளியிட்டார். யோவான் விளக்கம் 1902-ல் வெளிவந்தது. அதைப் பதிப்பித்தவர் பின்னாளில் லீலாவதி ஆன அதே ஹாரிசன் அம்மையார். சைவர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தைத் திறந்து, அதன் உள்ளே தம் குரு காட்டிய ஒளியையே கண்டார் என்றால், மதவேலியைத் தாண்டிய பார்வை அவருக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. கொழும்பில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பினார். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913-ல் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். சமயமும் இருந்தது, ஆன்மிகமும் இருந்தது, கொடையும் இருந்தது.

1927-ல் டொனமூர் குழு இலங்கைக்கு வந்தது. படித்தவர், சொத்துள்ளவர் என்ற வரம்பை நீக்கி, வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. இராமநாதன் அதை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டாம், தாழ்த்தப்பட்ட சாதியாருக்கு வாக்கு வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றார். முதிய வயதிலும் அந்தச் சீர்திருத்தத்துக்கு எதிராக வாதாடினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1931-ல், இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. பெண்களுக்குக் கல்லூரி கட்டிய கை பெண்களுக்கு வாக்குச்சீட்டைத் தர மறுத்தது. ஏசுவின் சொல்லில் சிவஞானம் கண்ட கண், பக்கத்துத் தெருவில் பனையேறியும் வயலில் குனிந்தும் பிழைத்தவனைத் தனக்குச் சமமாகக் காணவில்லை.

இதை அவரை இழிவுபடுத்துவதற்காகச் சொல்லவில்லை. காலம் அப்படி, குலம் அப்படி, வளர்ப்பு அப்படி என்று நூறு சமாதானங்கள் உண்டு. ஆனால் அய்யா வைகுண்டர் வழியில் வந்த ஒருவர் இதைச் சும்மா கடந்து போக முடியாது. திருவிதாங்கூரில் தோளில் சீலை போடக்கூடாது, தலையில் முண்டாசு கட்டக்கூடாது, பொதுக்கிணற்றில் நீர் எடுக்கக்கூடாது என்று சட்டமும் வழக்கமும் சொன்ன காலத்தில், அப்படிச் சொன்னவர்களில் பலர் நித்தியம் குளித்து, நித்தியம் ஜெபித்து, வேதாந்தம் பேசியவர்கள்தான். எல்லா உயிரும் ஒன்றே என்பதை அவர்கள் உரையால் அறிந்திருந்தார்கள். சிலர் யோகத்தாலும் அறிந்திருக்கலாம். தோள் திறந்து நிற்கும் தாயின் வெட்கம் என்னவென்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அது தன்வேதனைக் காட்சி. அதைப் பட்டவர்கள்தான் அறிவார்கள். பட்டவர்கள் சொல்லும்போது காது கொடுத்தால் மற்றவர்களும் அறியலாம். காது கொடுக்கவில்லை.

ஆகவே, "மதம் வேண்டாம், ஆன்மிகம் போதும்" என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஆன்மிகம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறது? கொடைக்கானல் விடுதியில் பத்து நாள் மௌனம் இருந்து திரும்புகிறவர், பெட்டியைத் தூக்கிவந்த கிழவரை நிமிர்ந்து பார்த்தாரா? உள்ளே ஒளி தெரிந்தது என்பதை யாரும் சோதிக்க முடியாது. வெளியே நடந்துகொண்டது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

இப்போது அதே பழனி மலையில் வேறு மனிதர்களைப் பார்க்கலாம். மலைச் சரிவுகளிலும், தெற்கே தொடரும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பளியர் வாழ்கிறார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டியும், பாறை முகட்டில் கொடியைக் கட்டி இறங்கித் தேன் எடுத்தும் வாழ்ந்த மக்கள். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1966-ல் வெளிவந்த அவரது கட்டுரை இரண்டு செய்திகளை எடுத்துச் சொன்னது. முதலாவது, பளியரிடையே ஒருவரை ஒருவர் தாழ்த்துவதில்லை. மூத்தவர் இளையவரை அதட்டுவதோ, கணவன் மனைவிக்குக் கட்டளை இடுவதோ அவர்கள் முறைக்கு ஒவ்வாது. சச்சரவு வந்தால் கைநீட்டுவதைவிட விலகிப் போவதையே பெரிதாகக் கருதுகிறார்கள். இரண்டாவது, அவர்களுடைய அறிவு பெரும்பாலும் அவரவர் பட்டறிவு. பாடமாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பது குறைவு. ஒரே செடியைப் பற்றி இருவர் இரு விதமாகச் சொன்னால், எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கிளம்புவதில்லை. அவன் கண்டது அவனுக்கு, இவன் கண்டது இவனுக்கு.

வந்த ஆராய்ச்சியாளருக்கு இது வியப்பாக இருந்தது. ஒரு சமூகம் என்றால் பொதுவான ஏடு, பொதுவான விளக்கம் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்பார்கள்! பளியருக்கும் சாமி உண்டு, சாமியாட்டம் உண்டு, நோய்க்கும் கவலைக்கும் சாமியிடம் கேட்பது உண்டு. ஆனால் "நான் சொன்னபடி நம்பு" என்ற கட்டாயம் இல்லை. மேலே சொன்ன இரண்டு செய்திகளும் ஒன்றோடு ஒன்று பின்னியவை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அடுத்தவனுக்கும் தன்னைப் போலவே கண் உண்டு என்று மதிப்பவன், அவன் கண்டதைப் பொய் என்று அடித்துச் சொல்லத் தயங்குவான். இராமநாதனிடம் இல்லாத ஒன்று, எழுத்தறியாத இந்தக் கூட்டத்திடம் இருந்தது. பெரிய ஞானம் இல்லாத இடத்திலும் சமமரியாதை இருக்கிறது. பெரிய ஞானம் இருந்த இடத்தில் அது இல்லாமல் போனது.

அதற்காகப் பளியர் வாழ்வைச் சொர்க்கம் என்று சித்திரிக்கத் தேவையில்லை. சண்டை வந்தால் விலகிப் போகிறவர்கள், காடு கையை விட்டுப் போனபோதும் விலகித்தான் போனார்கள். தோட்டங்கள் வந்தன, வியாபாரிகள் வந்தார்கள், சட்டங்கள் வந்தன. அவரவர் பட்டறிவு அவரவரிடமே இருந்தது. அதைச் சேர்த்து ஒரே குரலாக எழுப்ப ஓர் ஏடு இல்லை, ஒரு கொடி இல்லை, கூடி உண்ண ஒரு பந்தி இல்லை. தேனை எடுத்தவரைவிடத் தேனை விற்றவர் நன்றாக வாழ்ந்தார்.

இந்த இடத்தில்தான் சமயத்தின் பயன் விளங்குகிறது. தென் திருவிதாங்கூரில் தோள்சீலை இல்லாத வேதனை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் வெட்கத்தைத் தானே அறிந்திருந்தாள். அறிந்து என்ன ஆயிற்று? அய்யா அவர்களைக் கூட்டினார். முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒன்றாக நீர் எடுக்க வைத்தார். துவையல் தவசில் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கடற்கரையில் சேர்த்து, துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு வாழச் செய்தார். ஆண்களுக்குத் தலைப்பாகை கட்டிக்கொள்ளச் சொன்னார். ஏடு வாசிக்க, உகப்படிப்புப் படிக்க, ஒன்றாக இருந்து உண்ண இடங்கள் அமைந்தன. தனித்தனியாகப் பட்டது, கூடி நடக்கும் வழியாயிற்று. அந்த வழி இல்லாமல் அந்த வேதனை மாறியிருக்காது. "மதம் வேண்டாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்களில் பலர், தங்கள் பாட்டன்மார் கூடி நின்றதால் கிடைத்த தோள்சீலையைப் போட்டுக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆனால் கூட்டிய அய்யா, கூட்டத்தின் நடுவில் எதை வைத்தார்? கண்ணாடியை வைத்தார். பள்ளியறையில் உருவம் இல்லை. அங்கே போய் நிற்பவர் காண்பது தம் முகம். இதற்கு, தன்னுள்ளே இறைவனைக் காண்பது என்று பொருள் சொல்வது வழக்கம். அது சரியே. இன்னொன்றும் உண்டு. முண்டாசு கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்ட மனிதன் தலைப்பாகையோடு அந்தக் கண்ணாடி முன்னால் நின்ற முதல் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் முகத்தை, தலைப்பாகையோடு, நெற்றி நாமத்தோடு, ஏறிட்டுப் பார்த்தான். அப்படியொரு முகம் தனக்கு உண்டு என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. எந்த உரையாலும் அது வந்திருக்காது. கண்ணால் கண்டான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் தன் முறை வந்தபோது கண்டான். அவன் கண்டது இவன் முகத்தை அன்று, தன் முகத்தை. பாதை பொது. கண்ணாடி பொது. காட்சி மட்டும் அவரவருடையது. அய்யாவழியை மதம் என்பதா, வழி என்பதா என்று வாதாடுகிறவர்கள் பள்ளியறை வாசலில் சற்று நின்று இதை யோசித்தால் வாதம் பாதியாகக் குறையும்.

பட்டறிவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. "நான் கண்டேன்" என்றவுடன் அது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. கனவில் அய்யா வந்தார், இன்னாரை இப்படிச் செய்யச் சொன்னார் என்று ஒருவர் சொன்னால் யார் மறுப்பது? இந்தச் சிக்கலுக்குப் பழனி மலையிலேயே இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து வருகின்றன.

ஒன்று பெருமாள்மலையில் இருக்கிறது. அங்கே அமா சாமி என்ற இயேசு சபைத் துறவி 1996-ல் போதி ஜென்டோ என்ற தியான இல்லத்தைத் தொடங்கினார். தமிழர், கத்தோலிக்கக் குருவானவர். ஜப்பானுக்குச் சென்று யமடா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, 1982-ல் கற்பிக்கும் உரிமை பெற்றவர். கிறிஸ்தவக் குருவானவர் புத்த முறையில் தியானம் கற்பிக்கிறார் என்பது சிலருக்கு மகிழ்ச்சியையும் சிலருக்குச் சங்கடத்தையும் தரும். அது அவரவர் பாடு. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஜென் முறையில் உள்ள ஒரு வழக்கம். சீடன் தியானத்தில் எதையோ கண்டதாக நினைத்தால், தனியறையில் ஆசான் முன்னால் போய் அதைக் காட்ட வேண்டும். ஆசான் ஒரு புதிரைக் கொடுத்திருப்பார். புத்தகத்தில் படித்த விடையைச் சொன்னால் மணியை அடித்து வெளியே அனுப்பிவிடுவார். உண்மையாகவே ஏதோ கண்டிருந்தாலும், அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தால் அதற்கும் மணிதான். முழுக்க முழுக்கத் தன் அனுபவத்தையே நம்பும் ஒரு மார்க்கம், அந்த அனுபவத்தைத் தனியொருவன் தானே சான்றளித்துக்கொள்ள விடுவதில்லை.

இன்னொன்று கொடைக்கானலின் உச்சியில், 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்செட் என்பவர் அங்கே சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நிறமாலையில் கருங்கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இல்லை. புள்ளியின் ஒரு பக்கத்தில் நீலப் பக்கமாகவும், மறு பக்கத்தில் சிவப்புப் பக்கமாகவும் சற்று விலகியிருந்தன. நெருங்கி வரும் பொருளின் ஒளி நீலத்துக்கும், விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புக்கும் நகரும். புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று அவர் தெளிந்தார். இன்றும் உலகம் அதை எவர்செட் விளைவு என்றே சொல்கிறது. அதுவும் ஒருவர் கண்டதுதான். ஆனால் அவர் கண்டது தகட்டில் பதிந்தது. மற்றவரும் பார்க்கலாம், அளக்கலாம், தவறென்றால் தவறென்று சொல்லலாம். யாரும் எவர்செட்டை நம்ப வேண்டியதில்லை. இந்த அறிவுக்கும் எல்லை உண்டு. சூரியனின் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தகடு சொல்லும். தகட்டைக் கழுவும் கூலியாளை எப்படி நடத்துவது என்பதை அது சொல்லாது.

ஆக, தனியறையில் ஆசான் முன்னும் காட்சி சோதிக்கப்படுகிறது, வெளிச்சத்தில் எல்லார் முன்னும் சோதிக்கப்படுகிறது. தாங்கலில் கனவு சொல்ல வருகிறவரின் காட்சியை எதை வைத்துச் சோதிப்பது? அய்யாவின் வழியில் அதற்கு அளவுகோல் வெகு தொலைவில் இல்லை. அந்தக் கனவால் கீழே கிடப்பவர் எழுந்தாரா, அல்லது கனவு கண்டவர் மேலே ஏறினாரா? காணிக்கை கேட்கிறதா, பந்தியில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்கிறதா, பெண்ணை ஒதுக்குகிறதா? அப்படியானால் அது யாருடைய கனவாக இருந்தாலும் அய்யாவினுடையது ஆகாது. இராமநாதனைப் பார்த்ததும் இதே அளவுகோலால்தான். தன் வீட்டார் மேல் இதை வைத்துப் பார்ப்பதுதான் கடினம்.

பழனியைப் பற்றிப் பேசிவிட்டுக் காவடியைப் பேசாமல் விட முடியாது. தைப்பூசத்துக்கு முன்னால் சாலைகளெல்லாம் பாதயாத்திரைக்காரர்கள். செருப்பில்லாத கால், தோளில் காவடி, ஏறக்குறைய 700 படிகள். காணிக்கை இடவேண்டாம், காவடி தூக்கவேண்டாம் என்று அய்யா சொல்லியிருப்பது அன்புக்கொடி மக்கள் யாவரும் அறிந்ததே. இதைக் கொண்டு சிலர் காவடி எடுப்பவரை ஏளனம் செய்கிறார்கள். அய்யா தடுத்தது எதை என்று யோசிக்க வேண்டும். தெய்வத்தின் பேரைச் சொல்லிப் பயத்தைக் காட்டி, ஏழையின் கையிலிருப்பதைப் பிடுங்கும் வாணிபத்தைத் தடுத்தார். தெய்வத்துக்குக் கைக்கூலி கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணத்தைத் தடுத்தார். நடந்து வெடித்த காலைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் நூறு மைல் நடந்ததில் எதையோ பட்டு அறிந்திருப்பார். வழியில் தண்ணீர் கொடுத்த முகமறியாத கை அவர் நினைவில் இருக்கும். ஏளனம் செய்கிறவருக்கோ விதி மட்டும் தெரியும், அதுவும் கேள்வியாக. விதி சரியானதாகவே இருக்கட்டும். சரியான விதியைக் கேட்டு வைத்திருப்பது ஒன்று, அதன் காரணத்தைத் தன் வாழ்வில் கண்டிருப்பது வேறு. காணிக்கை வேண்டாம் என்றதன் பொருள், கடன் வாங்கி நேர்த்தி செலுத்திவிட்டு வட்டி கட்டிய குடும்பத்துக்குத்தான் முழுதாக விளங்கும்.

பழனிக் கதையிலேயே இது இருக்கிறது என்று சொல்லலாம். தாய் தந்தையைச் சுற்றினால் உலகத்தைச் சுற்றியது போலத்தான் என்ற உரையை நம்பி அண்ணன் இருந்த இடத்திலேயே வலம் வந்தான், பழத்தைப் பெற்றான். தம்பி உலகம் முழுவதையும் தன் கண்ணால் கண்டு வந்து நின்றபோது பழம் இல்லை. கதை கேட்கிற பிள்ளைகள் எப்போதும் தம்பிக்காகத்தான் வருத்தப்படுவார்கள். ஆனாலும் மக்கள் அண்ணனையும் கும்பிடுகிறார்கள், தம்பியையும் கும்பிடுகிறார்கள். இருவரில் யார் அறிந்தது பெரிது என்று தீர்ப்பு எழுதவில்லை. பளியர் கேட்டால் தலையசைப்பார்கள்.

லீலாவதி அம்மையாரின் கோயில் இப்போது பழனிக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரையும் அறியார், அவர் கணவர் வாக்குரிமையை எதிர்த்ததையும் அறியார். கூலிக்காரர், வண்டியோட்டி, பூண்டு பயிரிடும் மலைக்கிராமத்தார், சுற்றுலா வந்த குடும்பத்தார் என்று எல்லாரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே திருநீற்றைப் பூசிக்கொண்டு போகிறார்கள். கட்டியவர் வீட்டில் மறுக்கப்பட்ட ஒன்று, கட்டிய இடத்தில் தானாக நடக்கிறது.

கோயிலுக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1994-ல் பூத்தது, 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. மலையே நீலமாக மாறும் என்று கண்டவர்கள் சொல்வார்கள். 2019-ல் கொடைக்கானலில் பிறந்த பிள்ளை அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே ஓடி விளையாடுகிறது. பூ எப்படியிருக்கும் என்று பாட்டி சொல்கிறாள், படத்தையும் காட்டுகிறாள். பிள்ளை நம்புகிறது. பச்சையாக நிற்கும் செடியைப் பார்த்து, "இதுவா?" என்று மறுபடியும் கேட்கிறது. அடுத்த பூப்பு 2030-ல். அப்போது அந்தப் பிள்ளைக்கு 11 வயது ஆகியிருக்கும்.